அறுபடாத மெழுகு நூல்

பேஸ் கிட்டாரின் சத்தம் சட்டென்று செத்துப்போனது.

பிற்பகல் நான்கு மணி. உஜுங்பெருங் சந்தைக்குப் பின்னால் இருக்கும் மாங் கொசாசியின் ஒத்திகைக் கூடம்; ‘மாங்’ என்றால் அங்கே மாமா. வெளியே மழை தகரக் கூரையை அடித்துக்கொண்டிருந்தது. சூடான இஞ்சிப் பானத் தட்டோடு உள்ளே வந்த கொசாசியின் கால் தரையில் கிடந்த ஒரு வயரில் சிக்கியது. சுவரிலிருந்து ஒரு பிளக் பிடுங்கிக்கொண்டு வந்தது. அவ்வளவுதான் நடந்தது.

“மாங், பாட்டையே கொன்னுட்டீங்களே!” என்று சிரித்தான் ஹெகார். பேஸ் வாசிப்பவன் அவன்தான். “திரும்பச் சொருகுங்க. இன்னும் மூணு பாட்டு பாக்கி.”

கொசாசி பிளக்கைச் சொருகினார். ஹெகாரின் காலடியில், கிட்டார் சத்தத்தை மாற்றும் பெட்டிகள் பதித்த பெடல் பலகையில் சின்னச் சின்ன விளக்குகள் எரிந்தன. சத்தம் திரும்பி வந்தது. கிட்டாரிஸ்ட் கினான்ஜார் அடுத்த பாட்டுக்குச் சுருதி சரிபார்க்கத் தொடங்கினான்.

மூலையில் பொரித்த தோஃபு தின்றுகொண்டிருந்த எலிஸ் மட்டும் மெல்லுவதை நிறுத்தினார். அந்தப் பலகையைக் கட்டிக் கொடுத்தவர் அவர்தான். எல்லோரும் அவரைத் ‘தேதே’, அக்கா, என்றுதான் கூப்பிடுவார்கள். இரவு மேடையில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வந்திருந்தார்.

“மாங், இன்னொரு தடவ புடுங்குங்க.”

“எதுக்கு தேதே? ஏழு மணிக்கு மேடை ஏறணும். இப்ப விளையாட நேரமில்ல.”

“புடுங்குங்கன்னேன்.”

கொசாசி பிடுங்கினார். ஹெகார் கம்பியைத் தட்டினான். சத்தத்தைப் பெருக்கும் ஆம்பின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ஒரு முனகல்கூட வரவில்லை.

எலிஸின் கையிலிருந்த தோஃபு தரையில் விழுந்தது. “இந்தப் பலகைல இருக்கிற பெட்டி ஒண்ணு நான் வெச்சது இல்ல,” என்றார்.

எலிஸ் கட்டும் எந்தப் பலகைக்கும் ஒரு விதி உண்டு. மின்சாரம் போனால் பெட்டிகள் தங்கள் வித்தையை நிறுத்தலாம். ஆனால் கிட்டாரின் சொந்தக் குரல் ஒரு துளிகூடக் குறையாமல் அவற்றைக் கடந்து ஆம்புக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கேற்ற பெட்டிகளை மட்டும்தான் அவர் ஏற்றுக்கொள்வார். ஹெகாரின் பலகையில் இருந்த நான்கு பெட்டிகளும் அப்படிப்பட்டவை. முந்தாநாள் காலை அவரே பிளக்கைப் பிடுங்கிச் சோதித்துவிட்டுத்தான் அதை ஒப்படைத்தார்.

இப்போது ஒவ்வொரு பெட்டியாகத் தாண்டி வயரைச் செருகிப் பார்த்தார். முதல் பெட்டி சுருதி பார்ப்பது. அது சத்தத்தை விட்டது. இரண்டாவது, ஏற்ற இறக்கத்தை அமுக்கிப் பிடிப்பது. அதுவும் விட்டது. கடைசிப் பெட்டி, சத்தத்தை மேடைக்கு அனுப்புவது. அதிலும் குறையில்லை.

மூன்றாவதில் சத்தம் நின்றது.

மூன்றாவது பெட்டியை அந்த ஊர் பேஸ்காரர்கள் எல்லோரும் ‘குகை’ என்றே அழைத்தார்கள். வாசிக்கும் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு சுரத்தை அது சேர்த்துத் தரும். அதைச் செய்தவர் அந்த ஒன்றை மட்டும் செய்துவிட்டு மீன் பண்ணை வைக்கப் போய்விட்டார். ‘குகை’ இருப்பதால்தான் ஹெகாரின் குழுவுக்கு இன்றைய மேடையே கிடைத்தது.

ஹெகாரின் முகம் வெளுத்தது. “கழட்டிப் பாருங்க.”

“முடியாது.” எலிஸ் பலகையைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். “பெட்டியப் புடிச்சிருக்கிற திருகெல்லாம் வயர்க் கட்டுக்கு அடியில இருக்கு. நூல அறுக்காம கழட்டவே முடியாது. நூலு அறுபடல. முடிச்செல்லாம் என்னோடதுதான்.”

ஹெகாரும் குனிந்து முடிச்சுகளைப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

“நூலு அறுபடல. முடிச்சு உங்களோடது. அப்போ பெட்டிய மாத்தினது யாரு, தேதே?”

எலிஸ் பலகையை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்.

ஹெகார் போனை எடுத்தான். முதலில் போலீஸ். அடுத்து, நகரத்துப் பேஸ் வாசிப்பவர்கள் எல்லோரும் இருக்கும் குழுவில் இரண்டு வரி: ‘என் குகையைக் காணோம். பலகை கட்டிய எலிஸ் போலியை வைத்து ஒப்படைத்துவிட்டார்.’

இஞ்சிப் பானம் ஆறுவதற்குள் எலிஸின் போன் சிணுங்கியது. அடுத்த வாரம் பலகை கட்டக் கொடுப்பதாக இருந்த ஒருவர் வேண்டாம் என்று எழுதியிருந்தார். மறுபடி சிணுங்கியது. இன்னொருவர். எலிஸ் போனைக் குப்புற வைத்தார். ஊரின் அருமையான பெட்டிகளெல்லாம் ரசீதுகூட இல்லாமல் அவர் பட்டறைக்கு வந்து போகும். அவரை நம்பி ஒப்படைத்தார்கள் என்பதைத் தவிர அந்தப் பட்டறைக்கு வேறு முதல் கிடையாது.

*

உதவி ஆய்வாளர் இமாஸ் மழைக்கோட்டை உதறிக்கொண்டு வந்தபோது மணி நாலே முக்கால். குள்ளமான பெண்மணி, மூக்கு நுனியில் கண்ணாடி; மரியாதைக்கு எல்லோரும் ‘இபு’, அம்மா, என்பார்கள். காணாமல் போன மோட்டார் சைக்கிள்களைத் தேடியே பாதி வாழ்க்கை போயிருந்தது. பெடல் பலகை என்ற ஒன்றை அவர் பார்த்ததே இல்லை.

“இதுல என்ன திருட்டுப் போச்சு? நாலு பெட்டி இருக்கணும், நாலும் இருக்கே.”

ஹெகார் விளக்கினான். பாதியோடு நிறுத்திக்கொண்டான். மீதியைக் கினான்ஜார் சொன்னான்.

“சரி, அடிப்பக்கத்தக் காட்டுங்க.”

ஹெகார் பலகையைத் திருப்பி மேசைமேல் வைத்தான். இமாஸ் குனிந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்துக்குள் அடங்க வேண்டும் என்பதுதான் ஹெகார் வைத்த ஒரே நிபந்தனை. அந்தச் சின்ன இடத்துக்குள் ஒரு நகரமே இருந்தது. நடுவில் மின்சாரப் பெட்டி. அதிலிருந்து கிளம்பிய வயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், ஆற்றுநீர்போல ஒரே கற்றையாகப் போய், தேவையான இடத்தில் மட்டும் பிரிந்தன. மின்சார வயரும் சத்த வயரும் சந்திக்கும் இடங்களில் எல்லாம் நேர் குறுக்காகத் தாண்டின. பெட்டிகளைப் பலகையோடு பிடித்திருந்தவை பழைய சைக்கிள் சங்கிலியின் கண்ணிகள். கற்றை நெடுக மெழுகு தடவிய வெள்ளை நூல். தொடக்க முடிச்சிலிருந்து கடைசி முடிச்சுவரை அது கற்றையின் வலது ஓரமாகவே ஓடியது. விரல் அகலத்துக்கு ஒரு முடிச்சு. எல்லா முடிச்சும் காற்றடித்த நெற்பயிர்போல வலப்பக்கமே சாய்ந்திருந்தன.

“யாரும் பாக்காத இடத்துக்கா இவ்வளவு?” என்றார் இமாஸ். குரல் தானாகத் தாழ்ந்திருந்தது.

“யாரும் பாக்கலன்னா வயரு ஆடாதா இபு?” என்றார் எலிஸ். “ஆடினா இரையும். சின்னப் பலகைல எல்லாம் நெருக்கம். ஒரு நூலு தளர்ந்தா மேடைல கொசு மாதிரி சத்தம் வரும்.”

“இந்த நூல் கட்டு எங்க கத்துக்கிட்டீங்க?”

“விமான ஆலைல. வயர்ப் பிரிவு. ஆளக் குறைக்கிற வரைக்கும் அங்கதான் இருந்தேன்.”

“இங்க வேற யாருக்குத் தெரியும்?”

எலிஸ் தயங்கினார். கொசாசியே கையைத் தூக்கினார். “எனக்குத் தெரியும் இபு. அதே ஆலை, அதே பிரிவு. எலிஸுக்கு அடுத்த மேசை. என்னையும் சேத்துதான் வீட்டுக்கு அனுப்பினாங்க.”

“கூடத்தோட சாவியும் உங்ககிட்டதான்?”

“ஆமா.”

“மாங்!” என்றான் ஹெகார் அதிர்ந்து.

“என்னடா மாங்? கேட்டாங்க, சொன்னேன். எழுபது கிலோ ஆம்பத் தூக்கிட்டுப் போனா ஒருத்தன் மதிப்பான். இந்தச் சோப்பு டப்பாவ நான் என்னடா பண்ணப் போறேன்?”

இமாஸ் சிரிக்கவில்லை. “பலகை ரெண்டு ராத்திரியும் எங்க இருந்துச்சு?”

முதல் இரவு ஹெகாரின் அறையில், கட்டிலுக்கு அடியில். நேற்று மாலை ஒத்திகை முடிந்ததும் மழைக்குப் பயந்து இங்கேயே விட்டுவிட்டுப் போனான். கொசாசி ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். கினான்ஜார் மட்டும் தனியாக இருந்து கம்பி மாற்றிவிட்டு, பூட்டிச் சாவியைக் கொசாசி வீட்டு ஜன்னலில் போட்டிருக்கிறான். டிரம் வாசிக்கும் ஓமன் இன்று மதியம்தான் சிரெபோனிலிருந்து ரயிலில் வந்து இறங்கினான்.

இமாஸ் கினான்ஜாரின் பக்கம் திரும்பினார். மெலிந்தவன். நகங்களைச் சுத்தமாக வெட்டியிருந்தான்.

“உனக்கு இந்தக் கட்டு தெரியுமா?”

“எனக்கா? சும்மா பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்குறவன் நான். இது...” அவன் பலகையைப் பார்த்தான். “இது வேற ஜாதி வேலை. இந்தப் பலகையோட அடிப்பக்கத்த இன்னிக்குத்தான் நேர்ல பாக்குறேன். அதுவரைக்கும் தேதே போட்ட படத்துல பாத்ததுதான்.”

“என்ன படம்?”

எலிஸ் கட்டி முடித்த ஒவ்வொரு பலகையையும் ஒரு படம் எடுத்து இணையத்தில் போடுவார். ஊரில் பேஸ் வாசிக்கும் எல்லோரும் அதற்காகக் காத்திருப்பார்கள். ஹெகார் தன் போனில் எடுத்துக் காட்டினான். பட்டறையில் எலிஸ் தனியாக நின்று, பலகையின் அடிப்பக்கம் தெரிய மார்போடு அணைத்துக்கொண்டு சிரிக்கிறார். ஒரு கையில் பலகை, மறு கை போனை நீட்டியிருக்கிறது. அவர் சட்டையில் இருந்த எழுத்துகளை இமாஸால் படிக்க முடியவில்லை. கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

படத்துக்குக் கீழே முதல் பாராட்டு கினான்ஜாருடையது: ‘இது அடிப்பக்கமா, அரண்மனையா?’

“நீங்களே பாருங்க இபு,” என்றான் ஹெகார். போனைப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தான். “நூலு வலது ஓரம். இங்கயும் வலது ஓரம். முடிச்சு வலப்பக்கம் சாயுது. இங்கயும் அப்படியே. படத்துல எப்படியோ அப்படியே இருக்கு. யாரும் தொடல. அப்போ போலிய உள்ள வெச்சுக் கட்டினது இவங்கதான்.”

“ஹெகார்,” என்றார் எலிஸ்.

“ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய் விசாரிங்க இபு. பட்டறையத் தொறந்து பாத்தா கெடைக்கும்.”

இமாஸ் படத்தையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். ஹெகார் சொன்னது சரிதான். முடிச்சுக்கு முடிச்சு ஒத்துப்போனது. மழை சற்று ஓய்ந்திருந்தது. தெருவில் சுராபி என்ற அரிசி அப்பம் விற்பவரின் குரல் கேட்டது.

“கிட்டார் வயர எந்தப் பக்கம் சொருகுவீங்க?” என்று கேட்டார் திடீரென்று.

“வலப்பக்கம்,” என்றான் ஹெகார். கினான்ஜாரும் அதையே சொன்னான். ஓமன்கூடச் சொன்னான். மூவருக்கும் அது ஒரு கேள்வியாகவே படவில்லை.

“எப்பவும் வலப்பக்கம்தானா?”

“எல்லாப் பலகைலயும் வலப்பக்கம் உள்ள போயி இடப்பக்கம் வெளிய வரும் இபு. தூக்கத்துல கேட்டாலும் சொல்வோம்.”

இமாஸ் மேசையில் கிடந்த பலகையை எடுத்தார். படத்தில் எலிஸ் பிடித்திருந்தது போலவே தன் மார்போடு அணைத்து அடிப்பக்கத்தைக் காட்டி நின்றார்.

“இப்ப எங்கிட்ட அந்தத் துளை எந்தப் பக்கம் இருக்கு? உங்க கண்ணுக்கு.”

ஹெகார் விரலை நீட்டினான். விரல் வலப்பக்கம் போய், தயங்கி, இடப்பக்கம் வந்தது.

“இடப்பக்கம்... திருப்பிட்டீங்கல்ல. அடிப்பக்கம்னா மாறும்.”

“படத்துல?”

நான்கு தலைகள் போனை நோக்கிக் குனிந்தன. படத்தில், கிட்டார் வயரைச் செருகும் துளை வலப்பக்கம் இருந்தது.

ஹெகார் போனை இன்னும் பக்கத்தில் இழுத்தான். ஓமன் “ஹா?” என்றான்.

“எனக்கு உங்க பாட்டும் தெரியாது, பெட்டியும் தெரியாது,” என்றார் இமாஸ். “இதே பலகை. நூல் ரெண்டுலயும் ஒரே பக்கம். துளை மட்டும் எதிர்ப் பக்கம். ரெண்டும் எப்படிச் சரியா இருக்க முடியும்?” கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு எலிஸின் சட்டையைப் படத்தில் பெரிதாக்கினார். “என் கண்ணுல ஒண்ணும் கோளாறு இல்ல. எழுத்து திரும்பி நிக்குது. தேதே, இத எந்தக் கேமராவுல எடுத்தீங்க?”

“முன்னால இருக்கிறதுல. தனியாத்தானே நிக்கிறேன். பலகையும் தெரியணும், மூஞ்சியும் தெரியணும்.”

“எல்லாப் படமும் இப்படித்தானா?”

“எல்லாமே.”

“அந்தக் கேமரா முகம் பாக்கிற கண்ணாடி மாதிரி. வலத்த இடமாக்கிக் காட்டும். வேற யாரா இருந்தாலும் சட்டை எழுத்தப் பாத்த உடனே ஏதோ தப்புன்னு சொல்லியிருப்பாங்க. உங்களுக்குத் துளை வலப்பக்கம் இருந்தாத்தான் சரின்னு மனசுல பதிஞ்சு போச்சு. படத்துல வலப்பக்கம் இருந்துச்சு. அதனால இத்தனை படத்துலயும் யாரும் கவனிக்கல.”

எலிஸ் நாற்காலியில் உட்கார்ந்தார்.

இமாஸ் மூலையில் கிடந்த பழைய வயர்களில் ஒரு பிடியை எடுத்து அவர் முன்னால் வைத்தார். “நூல் இருக்கா? கட்டுங்க. யோசிக்காதீங்க, கட்டுங்க.”

எலிஸ் பையிலிருந்து நூல் கண்டை எடுத்தார். தொடக்க முடிச்சு. பிறகு கை தானாக ஓடியது. கண் வயர்களையே பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்தாறு முடிச்சு விழுந்ததும் இமாஸ் நிறுத்தச் சொன்னார்.

நூல் இடது ஓரமாக ஓடியிருந்தது. முடிச்செல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

“யா அல்லா,” என்றார் எலிஸ். “என் கண்ணுக்கு இது தெரியலையே. கட்டுறது கைதான். அப்புறம் நான் பாக்குறது படத்துலதான்.”

“மாங், நீங்க கட்டுங்க.”

கொசாசியின் விரல்கள் தடித்திருந்தாலும் மறக்கவில்லை. நூல் இடது ஓரம். முடிச்சு இடது சாய்வு. “வலப்பக்கம் கட்டினா மேற்பார்வையாளர் வந்து கத்தரிக்கோலால வெட்டி எறிவாரு இபு. வேலை போன பிறகும் கை பயப்படுது பாருங்க.”

“அப்போ பலகைல இப்ப இருக்கிற கட்டு இவங்க ரெண்டு பேரோடதும் இல்ல,” என்றார் இமாஸ். “யாரோ நூல அறுத்து, பெட்டிய மாத்தி, மறுபடி கட்டியிருக்காங்க. ஆலைல கத்துக்கிட்டவங்க இல்ல. படத்தப் பாத்துக் கத்துக்கிட்டவங்க. அவ்வளவு சரியாக் கத்துக்கிட்டதால கண்ணாடில தெரிஞ்சத அப்படியே கட்டிட்டாங்க. தம்பி, நீ கட்டு.”

கினான்ஜார் நூலை வாங்கினான். விரல்கள் குழப்பமாகச் சுற்றின. ஷூ கயிறு கட்டுவதுபோல ஒரு முடிச்சுப் போட்டான். “எனக்கு வராதுன்னுதான் சொன்னேனே இபு.”

“சரி.” இமாஸ் நூலைத் திரும்ப வாங்கினார். “உன்னோட பலகையத் திருப்பு.”

“என்னோடதா?”

“நீயும் கிட்டார் வாசிக்கிறவன்தானே. உன் காலடிலயும் ஒண்ணு இருக்கே.”

“அதெல்லாம் சரி பண்ணி வெச்சிருக்கேன் இபு. இப்ப அசைச்சா மேடைல மக்கர் பண்ணும். சும்மா பிளாஸ்டிக் பட்டைதான் உள்ள...”

அவன் தன் பலகைக்கு முன்னால் நகர்ந்து நின்றான். ஹெகார் அவனைப் பார்த்தான். பத்து வருடமாகக் கூட வாசிப்பவன் ஹெகார். கினான்ஜார் தாளத்தை விட்டுவிட்டால் அவன் தோள் எப்படி உயரும் என்று அவனுக்குத் தெரியும். இப்போது உயர்ந்திருந்தது.

“நகருடா,” என்றான் ஹெகார். குனிந்து, அந்தப் பலகையை அவனே திருப்பினான்.

கொசாசி மூச்சை இழுத்துக்கொண்டார்.

ஹெகாரின் பலகையைவிட அது இரண்டு மடங்கு பெரியது. வயர்கள் மூன்று மடங்கு. மெழுகு நூல் ஒரு மூலையில் தொடங்கி, கிளையாகப் பிரிந்து, மறுபடி சேர்ந்து, ஒரு முடிச்சுகூடத் தடுமாறாமல் எதிர் மூலையில் முடிந்தது. நூல் நெடுகவும் வலது ஓரம். முடிச்செல்லாம் வலது சாய்வு. நூற்றுக்கணக்கான முடிச்சுகள், ஒவ்வொன்றும் எலிஸின் முடிச்சு, ஒவ்வொன்றும் கண்ணாடியின் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவைபோல. திருட்டைக் கண்டுபிடிக்க வந்த இமாஸும் ஒரு கணம் அதை மறந்து பார்த்தார்.

மின்சாரப் பெட்டிக்குப் பக்கத்தில், அந்த வெள்ளை நூல்களுக்கு நடுவே, சின்னக் குழந்தையைத் துணியில் சுற்றி வைத்ததுபோல ‘குகை’ இருந்தது.

எலிஸ் எழுந்து வந்து குனிந்தார். ஒரு முடிச்சை விரலால் தடவினார். “எத்தன நாளா பழகினே?”

“ரெண்டு வருஷம்.” கினான்ஜார் முணுமுணுத்தான். “நீங்க போடுற படம் எல்லாத்தயும் பாத்து.”

“அறுக்கும்போது தேதேயோட முடிச்சு எந்தப் பக்கம் சாஞ்சிருந்துச்சுன்னு பாக்கலையா?” என்று கேட்டார் இமாஸ்.

“அவசரத்துல அறுத்துட்டேன் இபு. கட்டும்போது கை தனக்குத் தெரிஞ்சதக் கட்டுச்சு. முடிச்சதும் சந்தேகமா இருந்துச்சு. போனத் தொறந்து படத்தோட வெச்சுப் பாத்தேன். சரியா இருந்துச்சு.”

“எதுக்குடா?” என்றான் ஹெகார். “கேட்டிருந்தா குடுத்திருப்பேனே!”

“குடுத்திருப்பியா? ‘உனக்கு எதுக்கு, ஒடச்சுடுவே’ன்னு மூணு தடவ சொன்னே. உள்ள எப்படி இருக்குன்னு பாக்கணும். அவ்வளவுதான். வெளியில கேட்டதவெச்சே ஒண்ணு செஞ்சேன். அததான் உன் பலகைல வெச்சேன். மேடை முடிஞ்சதும் மாத்திடலாம்னு இருந்தேன்.” அவன் முகத்தில் பயத்துக்கு நடுவே வேறொன்று எட்டிப்பார்த்தது. “மதியத்திலேருந்து அததான் நீ வாசிச்சுக்கிட்டு இருந்தே. உனக்குத் தெரியல. இங்க யாருக்குமே தெரியல. மிதிக்கும்போது ‘டக்’னு ஒரு சத்தம் வருமே, அதக்கூட நான் எடுத்திருந்தேன்.”

“அந்த ‘டக்’க எடுக்கத்தான் சுவிட்ச மாத்தினே,” என்றார் எலிஸ். “அதனாலதான் கரண்ட் போனதும் ஊமையாச்சு.” பிறகு நிமிர்ந்தார். “நல்லா செஞ்சிருக்கே. எனக்கும் தெரியலதான். ஒண்ணு மட்டும் கேக்கறேன். இவன் போலீஸக் கூப்பிட்டான். ஊருக்கெல்லாம் எழுதினான். என் போனு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நீ இதோ இங்க நின்னுக்கிட்டு இருந்தே. இவங்க என்னைய ஜீப்புல ஏத்தியிருந்தா, அப்பவாவது சொல்லியிருப்பியா?”

கினான்ஜார் வாயைத் திறந்தான். மூடினான். தரையைப் பார்த்தான்.

“சரி,” என்றார் எலிஸ்.

*

ஏழு மணி மேடைக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. ஹெகார் ‘குகை’யையும் தன் பலகையையும் எலிஸின் முன்னால் வைத்தான். எலிஸ் கைகளைக் கட்டிக்கொண்டார்.

“தேதே, ப்ளீஸ். உங்களத் தவிர யாராலயும் முடியாது.”

“மொதல்ல போன எடு.”

அவனுக்குப் புரிந்தது. எழுத ஆரம்பித்தான்.

“எழுத வேண்டாம். பேசு. ஒங்குரல்ல கேக்கட்டும்.”

எல்லோருக்கும் முன்னால் ஹெகார் போனை வாயருகே கொண்டுபோனான். “நான் ஹெகார். குகை கெடச்சுருச்சு. எலிஸ் தேதே எதையும் எடுக்கல. மாத்தினது எங்க குழு ஆளு. தேதே கட்டின கட்டுதான் திருடனயே காட்டிக் குடுத்துச்சு. நான்... நான் அவங்களத் திருடின்னு சொன்னேன். தப்பு என்னோடது. மன்னிச்சுருங்க தேதே.” அனுப்பிவிட்டுப் புறங்கையால் மூக்கைத் துடைத்தான்.

எலிஸ் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். “மாங், அந்த டார்ச்ச இவங்கிட்டக் குடுங்க. ஹெகார், இங்க அடி. கை ஆடக்கூடாது.”

கத்தரிக்கோலை நூலருகே கொண்டுபோனவர் நிறுத்தினார். வெளிச்சத்தில் அந்த முடிச்சுகள் ஈரமாக மின்னின. தன் கையிலிருந்து ஒருபோதும் வராத தன் முடிச்சுகள். ஒரு நீண்ட மூச்சு விட்டார். பிறகு அறுத்தார். வாசலருகே நின்ற கினான்ஜாரிடமிருந்து அடிபட்டதுபோல ஒரு சத்தம் வந்தது.

போலி வெளியே வந்தது. ‘குகை’ உள்ளே போனது. சங்கிலிக் கண்ணிகளைத் திருகி, வயர்களைக் கற்றையாக்கி, எலிஸ் கட்டத் தொடங்கினார். இந்த முறை முடிச்சுகளையும் பார்த்துக்கொண்டே கட்டினார்.

“கிட்டார் இல்லாம எப்படிடா?” என்று ஓமன் ஹெகாரின் காதில் கேட்டான்.

“நீயும் நானும் போதும். டார்ச்ச ஆட்டாத, தேதே திட்டுவாங்க.”

“டார்ச்ச நீதாண்டா புடிச்சிருக்கே.”

இமாஸ் மழைக்கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு கினான்ஜாரை வெளியே அழைத்துவந்தார். வாக்குமூலம் எழுதி வாங்க வேண்டும். மழை விட்டிருந்தது. ஜீப்பின் கதவில் அவர் கை வைத்தபோது கூடத்துக்குள் ஹெகார் கம்பியைத் தட்டினான்.

ஒரே ஒரு சுரம்தான். முதலில் அது காதுக்கு வரவில்லை. செருப்புக்கு அடியில் வந்தது. தெருவின் குட்டையில் தேங்கியிருந்த நீர் வட்ட வட்டமாக நடுங்கியது. பிறகு சுவரைத் தாண்டி, இமாஸின் விலா எலும்புக்குள் புகுந்து, அங்கே ஒரு பெரிய கதவு திறப்பதுபோல விரிந்தது. சுராபி விற்பவர் கரண்டியை நிறுத்திக்கொண்டு நிமிர்ந்தார். அந்தக் கீழ்ச்சுரம் மெல்ல மெல்ல அடங்கி, எப்போது நின்றது என்று தெரியாமலே நின்றது.

இமாஸ் ஜீப்பின் கதவிலிருந்து கையை எடுத்தார். திரும்பிப் பார்த்தார். கினான்ஜார் கண்களை மூடிக்கொண்டு நின்றான்.

“மதியம் வாசிச்சதும் இதுவும் ஒண்ணுதானா?” என்று கேட்டார்.

அவன் கண்களைத் திறந்தான்.

“இல்ல இபு,” என்றான். “ஒண்ணு இல்ல.”

“எங்க வித்தியாசம்?”

கினான்ஜார் சொல்ல முயன்றான். கைகளை அகல விரித்தான். பிறகு அவை தாமாகக் கீழே இறங்கின. ஜீப்புக்குள் ஏறி உட்கார்ந்தான்.